ஊர் வரலாற்றில் பெண்களைத் தேடுவது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு

1951-52இல் நடந்த இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்காக வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, தம் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று மட்டும் பதிந்துகொண்ட ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வட மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். ஆனால் உள்ளூர் வரலாறு தேடப் புறப்படும் எவரும் இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெண்கள் ஊரில்தான் இருந்தார்கள், உழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள். காகிதத்தில் மட்டும் வேறொருவர் பெயருக்குக் கீழே இருந்தார்கள். தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றிலோ சிறுநகரம் ஒன்றிலோ பெண்களின் கதைகளைத் தேட நினைப்பவர் செய்யவேண்டிய வேலையில் பாதி, எந்தெந்தப் பெயருக்குக் கீழே அவர்கள் மறைந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான். இதற்கு வரலாற்றுப் பட்டம் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு கைபேசி, வாரத்தில் அரை நாள், கொஞ்சம் காது கொடுக்கும் பழக்கம் ஆகியவை போதும்.

எல்லையைச் சுருக்கிக்கொள்ளுங்கள்

'எங்கள் ஊர்ப் பெண்களின் வரலாறு' என்று தலைப்பு வைத்துக்கொண்டு கிளம்பினால் மூன்றாவது வாரத்தில் நோட்டை மூடி வைத்துவிடுவீர்கள். ஒரு தெரு, ஒரு தொழில், ஒரு பள்ளி, ஒரு போராட்டம் என்று ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பு பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் யார் யார், 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது உங்கள் ஊர் மையத்தில் முதல் உலை வைத்தவர் யார், 1996 உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கான இடஒதுக்கீட்டில் வென்று முதன்முதலாக ஊராட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்த பெண்கள் யார் என்பன போன்ற கேள்விகள் சிறியவை, விடை கிடைக்கக்கூடியவை. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர் என்றால், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்துச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்ட பெண்களைத் தேடலாம். அப்போது முப்பது வயதில் இருந்தவர்கள் இப்போது அறுபதைக் கடந்துவிட்டார்கள். நினைவு தெளிவாக இருக்கும் வயதிலேயே அவர்களைப் பார்த்துவிட வேண்டும் என்பதால், உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய தலைப்பையே முதலில் எடுக்கச் சொல்வேன். கல்வெட்டு இன்னும் நூறு ஆண்டுகள் காத்திருக்கும்.

சொற்பட்டியல் ஒன்று தயார் செய்யுங்கள்

புதிதாகத் தேடுபவர்கள் செய்யும் முதல் தவறு, பெண்ணின் இயற்பெயரை வைத்துக்கொண்டு ஆவணங்களைப் புரட்டுவது. ஆவணம் அவளை அந்தப் பெயரால் அழைத்திருக்காது. பழைய பத்திரங்களில் 'பாரியாள்', 'சம்சாரம்', 'பெண்சாதி', 'குமாரத்தி', 'விதவை' போன்ற உறவுச் சொற்களோடுதான் பெண் வருவாள். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'அகமுடையாள்', 'மணவாட்டி', 'தேவியார்', 'நங்கை', 'தேவரடியார்' என்ற சொற்களைத் தேட வேண்டும். அவற்றோடு 'முதுகண்' என்ற சொல்லையும் குறித்துக்கொள்ளுங்கள். பெண் ஒருத்தி தன் நிலத்தை விற்கும்போது அவள் சார்பில் நின்ற ஆண் காப்பாளரை அச்சொல் குறிக்கிறது. ஆகவே முதுகண் வரும் இடத்தில் நிலத்துக்கு உடையவள் ஒரு பெண் என்று தெரிந்துகொள்ளலாம். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிப் பத்திரிகைகளில் 'ஸ்ரீமதி', 'அம்மையார்', 'அம்மாள்' என்று வரும். சுயமரியாதை இயக்க ஏடுகளில் 'தோழியர்' என்றிருக்கும்.

ஊரார் பேச்சு வேறு விதம். வாழ வந்த பெண்ணைப் பிறந்த ஊரின் பெயராலேயே 'மேலூர்க்காரி', 'மானாமதுரைக்காரி' என்று சாகும்வரை அழைப்பார்கள். அவள் இயற்பெயர் பேரப்பிள்ளைகளுக்கே தெரிந்திருக்காது. மருமகள்கள் மாமியாரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பழைய தலைமுறைப் பெண் கணவரின் பெயரைச் சொல்ல மாட்டார். பெயர் முருகன் என்றால் 'பழநியில நிக்கிற சாமி' என்று சாடை காட்டுவார், பக்கத்தில் இருக்கும் பேத்தி சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பாள். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே வீட்டில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பதும் உண்டு. எனவே நோட்டில் ஒவ்வொரு பெண்ணுக்கும் இயற்பெயர், அழைத்த பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த வீடு, யாருக்கு என்ன உறவு, இதைச் சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்று தனித்தனிக் கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு கட்டங்களை நிரப்பச் சோம்பல் வரும். ஓராண்டு கழித்து, எழுத உட்காரும்போது உதவப்போவது அவை இரண்டும்தான்.

வீட்டுக்குள்ளிருந்து தொடங்குங்கள்

முதல் ஆவணக் காப்பகம் உங்கள் வீட்டுப் பரண். அங்கே ஏறினால் முதலில் கண்ணில் படுவது பித்தளைப் பாத்திரங்கள். சீராக வந்த அண்டா, குடம், தாம்பாளம் ஆகியவற்றின் விளிம்பில் உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள். முதலெழுத்துகள், பெயர், சில வேளைகளில் தேதி, சில வேளைகளில் கொடுத்தவர் பெயரும் ஊரும் இருக்கும். புளி போட்டுத் துலக்கித் துலக்கித் தேய்ந்திருந்தால், ஜன்னலோரம் வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி சாய்த்துப் படமெடுங்கள். எழுத்து எழும்பி வரும். எழுதப் படிக்கத் தெரியாத, நிலமில்லாத, பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண்ணின் சொந்தப் பெயர் பொறித்த ஒரே பொருள் அந்தக் குடமாக இருக்கலாம். பழைய பாத்திரத்தை எடைக்குப் போடும் முன் இதைச் செய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் நான் பிந்திவிட்டேன்.

அடுத்தது மொய் நோட்டு. பெரும்பாலான பக்கங்களில் ஆண்களின் பெயர்களே வரிசையாக நிற்கும். இடையிடையே பெண்ணின் பெயர் வந்தால் அங்கே நில்லுங்கள். பெரும்பாலும் அவர் கணவனை இழந்து, வீட்டுப் பொறுப்பைத் தானே ஏற்றவராக இருப்பார். பத்து ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு விசேஷங்களின் நோட்டுகளை ஒப்பிட்டால், எந்த வீட்டில் எப்போது ஒரு பெண் குடும்பத் தலைவியானார் என்பது தெரிந்துவிடும். கல்யாணப் பத்திரிகை, பழைய ரேஷன் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த கடிதங்கள், மணியார்டர் துண்டுகள் எல்லாவற்றையும் பாருங்கள். புகைப்படத்தை முன்பக்கம் எடுத்தால் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும். அசல் எதையும் 'இரண்டு நாளில் தருகிறேன்' என்று வாங்கிப்போகாதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே படமெடுத்துத் திருப்பிக் கொடுங்கள்.

பேச வைப்பதும் கேட்பதும்

இந்த வேலையின் நெஞ்சுப் பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வயதான பெண்ணிடம் போய் 'உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்கள்' என்று கேட்டால், 'எனக்கென்னப்பா வரலாறு, சும்மா வீட்டுலதான் இருந்தேன்' என்றுதான் பதில் வரும். எனக்கு அப்படிச் சொன்ன ஒருவரிடம், விடிந்ததும் முதலில் எந்தப் பக்கம் நடப்பீர்கள் என்று கேட்டேன். நாற்றங்காலுக்கு என்றார். நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களையெடுத்து, அறுப்பறுத்து, இரவு கீற்று முடைந்து விற்று மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர் அவர். எத்தனை ஆட்களோடு நட்டார், கூலி பணமா நெல்லா, எந்தப் படியால் அளந்தார்கள், அளந்தவர் படியைத் தலைதட்டினாரா, கைக்குழந்தையை எந்த மரத்தில் ஏணை கட்டிப் போட்டார் என்று கேட்கக் கேட்க இரண்டு மணி நேரம் பேசினார். வேலையைப் பற்றி, நடந்த வழியைப் பற்றி, கையில் இருந்த பொருளைப் பற்றிக் கேளுங்கள். வாழ்க்கை தானாகக் கூடவே வரும்.

நேரமும் இடமும் முக்கியம். சமையல் முடிந்த பின்பு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்கு முன்பு, முற்பகலில் போங்கள். வீட்டு ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் பதில் அவர்களிடமிருந்தே வரும்; 'அதுக்கு என்ன தெரியும், நான் சொல்றேன்' என்று தொடங்கிவிடுவார்கள். அவரையும் மதித்து அன்றைக்கு அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, இன்னொரு நாள் திண்ணையிலோ கொல்லைப்புறத்திலோ அந்த அம்மாவோடு மட்டும் பேசுங்கள். மருமகளைக் குறித்த பேச்சு மருமகள் முன்னால் வராது. மாமியாரைக் குறித்த பேச்சு மாமியார் முன்னால் வராது. தேடுபவர் ஆண் என்றால், ஊருக்குள் அறிமுகமான ஒரு பெண்ணை உடன் அழைத்துப்போவது நல்லது. பிரசவம், கருச்சிதைவு, அடி உதை பற்றிய செய்திகள் அப்படித்தான் வெளிவரும்.

ஆண்டைக் கேட்காதீர்கள், அடையாளத்தைக் கேளுங்கள். காவிரிப் படுகைக்காரருக்கு 1952 நவம்பர் இறுதியில் அடித்த புயல் ஓர் எல்லைக்கல். இராமநாதபுரம் கடற்கரைக்காரருக்கு 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல். காந்தியைச் சுட்ட செய்தி வந்த நாள், 1967 தேர்தலின் படியரிசிப் பேச்சு, எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பர் ஆகியவற்றோடு ஒட்டிக் கேட்டால், 'புயலடிச்ச வருஷம் நான் பெரியவளை வயித்துல சுமந்தேன்' என்று துல்லியமாகச் சொல்வார்கள். அந்தப் பெரியவளின் பிறப்புச் சான்றிதழோ பள்ளிச் சான்றிதழோ கிடைத்தால் ஆண்டு உறுதியாகிவிடும்.

பாட்டைத் தவறவிடாதீர்கள். தாலாட்டில் தாய்மாமன் பெருமையும் பிறந்த வீட்டுச் செல்வமும் வரும்; ஒப்பாரியில் பேச்சில் சொல்ல முடியாத குறையெல்லாம் வரும். ஆனால் ஒப்பாரியை வீட்டுக்குள் சும்மா பாடச் சொன்னால் அபசகுனம் என்று பலர் மறுப்பார்கள். வற்புறுத்தக் கூடாது. வயல்வெளியிலோ கோயில் மண்டபத்திலோ அவர்களே ஒருநாள் பாடுவார்கள்.

ஒலிப்பதிவு செய்வதற்கு முன்பு எதற்காகப் பதிகிறீர்கள், யார் கேட்பார்கள், எங்கே வைப்பீர்கள் என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். அந்த ஒப்புதலையும் பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் பதிந்துகொள்ளுங்கள். கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். மின்விசிறியை நிறுத்த முடியாவிட்டால் அதற்கு நேர் கீழே உட்காராதீர்கள். அன்று இரவே கோப்புக்குத் தேதியும் பெயரும் இட்டு இன்னோர் இடத்திலும் படியெடுத்து வையுங்கள். 'அடுத்த மாதம் வந்து மிச்சத்தைக் கேட்கிறேன் ஆத்தா' என்று சொல்லிவிட்டு வந்த ஒரு வீட்டுக்கு நான் மறுபடி போனது கருமாதிக்குத்தான். மிச்சம் மிச்சமாகவே நின்றுவிட்டது.

ஊரைச் சுற்றி நடங்கள்

பழைய வழித்தடங்களின் ஓரத்தில் இரண்டு கற்களை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்திய சுமைதாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமைக்காரர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி வைக்கத் தோதான உயரத்தில் அவை நிற்கும். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்கி வைக்க முடியாத சுமைக்கு ஈடாக, இவற்றை நட்டுவைப்பது தமிழகத்தில் பல ஊர்களில் இருந்த வழக்கம். சிலவற்றில் குறுக்குக் கல்லின் முகப்பில் அவள் பெயரும் நட்டவர் பெயரும் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்து அடைந்திருந்தால் சுரண்டாதீர்கள். தண்ணீர் தெளித்து மெல்லிய துணியால் துடைத்து, காலை அல்லது மாலை வெயிலில் படமெடுங்கள். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் காணாமல் போவது இவைதான் என்பதால், இருக்கும் இடத்தையும் கைபேசி வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.

கணவனோடு தீப்பாய்ந்த பெண்களுக்கு எடுத்த சதிக்கற்களில், வளையணிந்த கையை உயர்த்திய பெண்ணுருவம் இருக்கும். பல இடங்களில் அவை தீப்பாய்ந்த அம்மன் என்றும் மாலைக்கோயில் என்றும் வழிபாட்டில் இருக்கின்றன. அம்மன் என்று கும்பிடப்படுபவளின் பின்னால் அந்த மண்ணில் நடந்த ஒரு சாவு இருக்கலாம் என்ற ஐயத்தோடு பூசாரியிடமும், அவர் வீட்டுப் பெண்களிடமும் தனித்தனியே கதை கேளுங்கள். இரண்டு கதைகளும் ஒன்றாக இருக்காது.

இடப்பெயர்களையும் கேளுங்கள். பாளையங்கோட்டையில் 1785இல் எழுந்த கிறிஸ்தவ ஆலயம் ஒன்றை ஊரார் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று அழைத்தார்கள். அதைக் கட்டுவித்தவர், தஞ்சைப் பகுதியிலிருந்து வந்து, கணவனை இழந்தபின் ஆங்கிலேய அதிகாரி ஒருவருடன் வாழ்ந்து, 1778இல் ஜெர்மானிய மதப்பணியாளர் சுவார்ட்சு ஐயரிடம் திருமுழுக்குப் பெற்ற கிளாரிந்தா என்ற பெண். திருச்சபை ஏட்டில் ஒரு பெயர், ஊரார் வாயில் இன்னொரு பெயர். உங்கள் ஊரில் 'அம்மாள் சத்திரம்', 'ஆச்சி ஊருணி', 'தாசி குளம்' என்று ஏதேனும் இருந்தால், அந்த அம்மாள் யார், அந்த ஆச்சி யார் என்ற கேள்வியே ஒரு முழு ஆய்வுக்குப் போதும்.

கல்வெட்டுகளைப் படித்தவர்களின் துணையோடு படியுங்கள்

கல்லெழுத்தை நேரடியாகப் படிக்கக் கற்பதற்கு நாளாகும். அதுவரை அச்சில் வந்தவற்றைப் பயன்படுத்துங்கள். தொல்லியல் துறையின் கல்வெட்டுத் தொகுதிகளும், 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையும் மாவட்ட நூலகங்களிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. உங்கள் ஊர்க் கோயிலின் பெயரைத் தேடி, அங்கே யார் யார் விளக்குக்குக் கொடை தந்தார்கள் என்று பாருங்கள். நந்தா விளக்கு என்னும் அணையா விளக்கு ஒன்றுக்கு, எண்ணிக்கை குறையாமல் காக்கவேண்டிய 'சாவா மூவாப் பேராடு' 96 தரும் வழக்கத்தில், ஆடு தந்தவர்களுள் பெண்கள் பலர் இருப்பதைக் காணலாம்.

செம்பியன் மாதேவியும் குந்தவையும் அரச குடும்பத்துப் பெண்கள் என்பதால் எப்படியும் நூல்களில் இடம்பெற்றுவிட்டார்கள். தேட வேண்டியவர்கள் அவர்களுக்கு அடுத்த படியில் இருப்பவர்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் புறச்சுவரில் முதலாம் இராசராசன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டு, பல ஊர்த் தளிகளிலிருந்து, அதாவது கோயில்களிலிருந்து, கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிப் பெண்களை, ஒவ்வொருவராகக் குறிக்கிறது. எந்தச் சிறகில் (தெருவின் வரிசையில்) எத்தனையாவது வீடு, என்ன பெயர், எந்த ஊர் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்ற விவரத்தோடு, ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்றும் சொல்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் ஊர்க் கோயிலின் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். இருந்தால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு உங்கள் ஊரைவிட்டுத் தஞ்சைக்குப் போன ஒரு பெண்ணின் பெயரும் முகவரியும் உங்களுக்குக் கிடைத்துவிட்டன. திருவாரூரிலோ, முதலாம் இராசேந்திரனும் அவனுக்கு நெருக்கமான பெண்ணான 'அணுக்கியார்' பரவை நங்கையும் நின்ற இடம் தெரியும்படி ஒரு குத்துவிளக்கு வைத்த செய்தியே கல்லில் இருக்கிறது.

அலுவலகங்களில் கேட்க வேண்டியவை

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீடுவாரித் தாள்களைத் தேடி அலையாதீர்கள். அவை பொதுமக்கள் பார்வைக்குக் கிடைப்பதில்லை, தொகைகள் மட்டுமே அச்சாகின்றன. சார்பதிவாளர் அலுவலகம்தான் நமக்கு உண்மையான சுரங்கம். நிலத்தின் சர்வே எண்ணைக் கொண்டு வில்லங்கச் சான்று எடுத்தால் அந்த நிலம் யார் யார் கைக்கு மாறியது என்று தெரியும். பிறகு தேவையான பத்திரத்துக்கு நகல் கேட்கலாம். கிரயப் பத்திரத்தைவிட விடுதலைப் பத்திரத்தை நான் ஆவலோடு படிப்பேன். அண்ணன் தம்பிகளுக்குத் தம் பங்கை விட்டுக்கொடுத்து அக்கா தங்கைகள் கையெழுத்திட்ட அந்தப் பத்திரத்தில், ஒரு வீட்டில் பிறந்த பெண்கள் அத்தனை பேரும், வயது, கணவர் பெயர், வாழும் ஊர் ஆகியவற்றோடு ஒரே தாளில் வரிசையாக நிற்பார்கள். அவரவர் பெயருக்கு நேரே கையெழுத்து இருக்கிறதா, இடது பெருவிரல் ரேகை இருக்கிறதா என்பதிலிருந்து அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண் முதலில் எழுதக் கற்றார் என்பதும் தெரியும். 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கும், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தந்த 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தத்துக்கும் முன்னும் பின்னும் உள்ள பத்திரங்களை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். சட்டம் தந்ததும் வீட்டில் நடந்ததும் எவ்வளவு தூரத்தில் இருந்தன என்று தெரியும்.

பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, ஊராட்சியின் தீர்மானப் புத்தகம், தேவாலயத்தின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள் ஆகியவற்றைப் பொறுப்பில் இருப்பவரின் அனுமதியோடு பார்க்கலாம். தீர்மானப் புத்தகத்தில் பெண் தலைவரின் கையெழுத்து ஆரம்பத்தில் எப்படி இருந்தது, ஐந்தாம் ஆண்டில் எப்படி ஆனது என்று கவனியுங்கள். 'தலைவர் அவர்தான், எல்லாம் பார்த்தது வீட்டுக்காரர்' என்ற பேச்சு எங்கும் இருக்கும். எந்தத் தீர்மானத்தை அவரே கொண்டுவந்தார் என்று உடனிருந்த பெண் உறுப்பினர்களைக் கேட்டால் வேறு செய்திகள் கிடைக்கும்.

எல்லா அலுவலகமும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு பள்ளியில் பழைய பதிவேட்டைப் பார்க்க நான்கு முறை அலைந்தேன். ஐந்தாவது முறை போனபோது அது கரையான் அரித்துவிட்டதென்று அப்புறப்படுத்தப்பட்டிருந்தது. முதல் முறையே எழுத்தில் விண்ணப்பம் கொடுத்திருந்தால் ஒருவேளை யாரேனும் எடுத்து வைத்திருப்பார்கள். நீங்கள் விண்ணப்பத்தோடே போங்கள்.

நிலமே இல்லாத வீட்டுப் பெண்கள் பத்திரத்தில் வரமாட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது. பத்திரங்களை மட்டும் நம்பினால் உங்கள் ஊர் வரலாறு நிலமுள்ள சாதிகளின் பெண்களோடு முடிந்துவிடும். 1968 டிசம்பர் 25 அன்று, நிலமற்ற கூலித் தொழிலாளர் வாழ்ந்த கீழ்வெண்மணியில் குடிசைக்குள் எரிந்து மாண்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த எண் தமிழ்நாட்டில் பலருக்கு மனப்பாடம். அவர்களில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் பெரும்பாலோர் விழிப்பார்கள். அத்தகைய பெண்களைப் பண்ணைக் கணக்குகளிலும், சங்கக் கூட்ட அறிக்கைகளிலும், நீதிமன்றச் சாட்சியங்களிலும், எல்லாவற்றுக்கும் மேலாக அவர்கள் தெருவில் இருப்பவர்களின் நினைவிலும்தான் தேட வேண்டும்.

அச்சில் வந்தவை

சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை. வீட்டிலிருந்தபடி தேடுபவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம் இருக்கிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் பற்றித் தேடுவோர்க்கு 'நூலகம்' என்ற பெயரிலேயே ஒரு வலைத்தளம் இருக்கிறது. 1925இல் தொடங்கிய 'குடி அரசு', வை.மு. கோதைநாயகி அம்மாள் நடத்திய 'ஜகன்மோகினி' போன்ற இதழ்களில் கட்டுரைகளைவிடக் கூட்டச் செய்திகளையும், திருமண அறிவிப்புகளையும், சந்தா செலுத்தியவர் பட்டியல்களையும், வாசகர் கடிதங்களையும் பாருங்கள். சிற்றூர்ப் பெண்கள் அங்கேதான் ஊர்ப்பெயரோடு வருவார்கள்.

கடலூர் அஞ்சலையம்மாள் 1927இல் சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற, 1857 எழுச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயப் படை அதிகாரி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் சிறை சென்றார். அவருடைய சிறுவயது மகள் அம்மாக்கண்ணுவும் கூடவே கலந்துகொண்டாள். அஞ்சலையம்மாள் பெயர் இன்று ஓரளவு தெரிகிறது. அதே போராட்டத்தில் கைதான மற்றவர்கள், உங்கள் மாவட்டத்திலிருந்து போனவர்கள் யார் என்று அக்காலச் செய்தித்தாள்களையும் அரசு ஆவணங்களையும் புரட்டினால் புதிய பெயர்கள் கிடைக்கக்கூடும். தெரிந்த ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களைத் தேடுவது எப்போதும் பலன் தரும் வழி.

சரிபார்ப்பதும் எழுதுவதும்

ஒருவர் சொன்ன செய்தியை அவரோடு உறவில்லாத இன்னொருவர் சொல்லாலோ ஓர் ஆவணத்தாலோ உறுதிப்படுத்துங்கள். முடியாவிட்டால், 'இவ்வூரில் இப்படிச் சொல்கிறார்கள்' என்று எழுதுங்கள். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்கு அருகே அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடி வந்து, அண்ணியால் விரட்டப்பட்டு, ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்தவள் கதையை எந்த ஆவணத்தைக் கொண்டும் நிறுவ முடியாது. ஆனால் பிறந்த வீட்டுக் கதவு அடைபடும் அச்சம் எத்தனை தலைமுறைப் பெண்களை அந்தக் கதையைக் கேட்டு அழவைத்தது என்பது பதியவேண்டிய செய்திதான். கதையை நடந்த நிகழ்ச்சியாக்குவதும் தவறு. கதைதானே என்று தள்ளுவதும் தவறு.

எழுதும்போது 'தியாகத் திருவுரு', 'வீரமங்கை' என்ற சொற்களைத் தூர வையுங்கள். மருத்துவச்சி எத்தனை கல் நடந்துபோய்ப் பிரசவம் பார்த்தார், கையில் என்ன கொண்டுபோனார், கூலியாக என்ன வாங்கினார், எந்த வீட்டில் அவரை உள்ளே விட்டார்கள், பிள்ளை பிறந்தபின் எந்த வீட்டில் வாசலோடு அனுப்பினார்கள் என்று எழுதினால் போதும்.

வெளியிடலாமா என்ற கேள்வியை ஒவ்வொரு செய்திக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947இல் வந்தது. அக்குடும்பங்களில் பிறந்தவர்கள் சிலர் பாட்டியின் இசையைப் பெருமையோடு பேசுவார்கள், சிலர் அந்த உறவையே மறைத்து வாழ்கிறார்கள். இறந்தவளின் கதை இருப்பவர்களின் வாழ்க்கையைத் தொடும் இடத்தில் அவர்கள் விருப்பமே முடிவு. பெயரை மாற்றி எழுதலாம். எழுதாமல் பதிவை மட்டும் பாதுகாத்து வைக்கலாம். அந்த முடிவையும் அதன் காரணத்தையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

எழுதியதை அச்சுக்கு அனுப்பும் முன், சொன்னவரிடம் போய் உரக்கப் படித்துக் காட்டுங்கள். 'அது சித்திரையில்லை, வைகாசி', 'அவ சின்னவ இல்ல, நடுப்பிள்ள' என்று திருத்துவார்கள். சில வரிகளை எடுத்துவிடச் சொல்வார்கள், எடுத்துவிடுங்கள். திருத்திய படியில் ஒன்றை அவர் வீட்டுக்கும், ஒன்றை ஊர்க் கிளை நூலகத்துக்கும், ஒன்றை அந்தத் தெருப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் கொடுங்கள். ஒலிப்பதிவை ஒரு பென் டிரைவில் ஏற்றிப் பேத்தியிடம் கொடுத்து, அதன் உறைமேல் பாட்டியின் இயற்பெயரை அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.